தராசைப் பார்த்து வாங்குங்கள்: செட்டிநாட்டுக் கடைவீதிக்கு ஓர் எடையளவு வழிகாட்டி

எடை குறைகிறது என்றதும், தராசுக்குள் ஏதோ வித்தை செய்திருக்கிறார்கள் என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். அப்படிச் செய்பவர்களும் உண்டு. ஆனால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு குடும்பம் கடைவீதியில் இழக்கும் காசில் பெரும்பகுதி ஒழுங்கான தராசிலேயே போகிறது என்பது என் கருத்து. சுழியத்துக்கு வராத தராசில் போட்ட எடை, டப்பாவோடு சேர்த்துப் போட்ட எடை, முப்பது கிலோ தராசில் போட்ட இருபது கிராம் ஏலக்காய்: இவைதான் ஓட்டைகள். இதற்கு யாரோடும் சண்டை போட வேண்டாம். எந்த நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. விற்பவர் குறைத்துக் கொடுப்பது மட்டும் குற்றமல்ல. வாங்குபவர் அதிகமாகப் பெற்றுக்கொள்வதும் குற்றம்தான். இந்த இரண்டாவது விஷயம் பழைய பித்தளை விற்கும்போது உதவும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் படி: தராசில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள்

கடையில் புழங்கும் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை வாங்கியாக வேண்டும். இரும்பு எடைக்கல், லிட்டர் அளவைகள், மீட்டர் கோல், முள் தராசு ஆகியவற்றுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. முத்திரையில் ஆண்டு இருக்கும்; அது அந்த ஆண்டின் எந்தக் காலாண்டு என்பதற்கு ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் இருக்கும். சரிபார்ப்புச் சான்றிதழைக் கடையில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருக்க வேண்டும். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தால், கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

எடைக்கல் என்றால் புரட்டிப் பாருங்கள். அடியில் குழியில் ஈயம் அடைத்து, அதன் மேல் முத்திரை குத்தியிருக்கும். ஈயம் இல்லாமல் வெறும் குழி தெரிந்தால் அந்தக் கல்லில் வாங்க வேண்டாம். வாரச்சந்தையில் இன்னும் சிலர் கருங்கல்லையும் பழைய நட்டு போல்ட்டையும் தட்டில் வைக்கிறார்கள். அது எவ்வளவு சரியாக இருந்தாலும் சட்டப்படி எடைக்கல் ஆகாது.

எலக்ட்ரானிக் தராசின் பக்கவாட்டுத் தகட்டில் நான்கு விஷயங்கள் இருக்கும். ‘மேக்ஸ்’ என்பது தாங்கும் உச்ச எடை. ‘மின்’ என்பது அந்தத் தராசில் போடத் தகுந்த மிகக் குறைந்த எடை. ‘இ’ (e) என்பது சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளும் ஒரு பிரிவு; பெரும்பாலும் திரையில் எண் இந்த அளவில்தான் தாவும். அப்புறம் தராசின் துல்லிய வகுப்பு. இவற்றில் ‘மின்’னையும் ‘இ’யையும் மனதில் வையுங்கள். மசாலா வாங்கும்போது தேவைப்படும்.

இரண்டாம் படி: பொருளுக்கு முன்னால் சுழியம்

எடை எவ்வளவு காட்டுகிறது என்று கடைசியில் எட்டிப் பார்ப்பதுதான் நம் வழக்கம். பார்க்க வேண்டியது அதற்கு முன்னால். தட்டில் பொருள் விழுவதற்கு முந்தைய நொடியில் திரையில் எல்லாம் சுழியமாக இருக்க வேண்டும். முந்தைய வாடிக்கையாளருக்குப் போட்டதில் இரண்டு தக்காளி தட்டின் ஓரத்தில் கிடக்கலாம். தட்டின் விளிம்பு பக்கத்து மூட்டையில் இடித்துக்கொண்டு நிற்கலாம். மேலே மின்விசிறி சுழன்று எண்ணை ஆட்டிக்கொண்டிருக்கலாம். எல்லாமே கணக்கில் வரும்.

“அண்ணே, தட்டை ஒருக்கா சைபர் பண்ணிட்டுப் போடுங்க” என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சிரித்துக்கொண்டே சொன்னால் இன்னும் நல்லது.

திரை உங்கள் பக்கமும் தெரிய வேண்டும். விற்பவர் முகத்துக்கு மட்டும் எண் தெரிகிற தராசு என்றால், நீங்கள் நடந்து அந்தப் பக்கம் போய்விடுங்கள். எண் நிலைத்து நிற்கும்வரை பொருளை எடுக்க விடாதீர்கள். மீன், கறிக் கடைகளில் பொருளைத் தூக்கிப் போட்ட வேகத்தில் எண் ஒரு கணம் ஏறி இறங்கும். ஏறிய எண்ணைச் சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிவிடுவது பழைய தந்திரம்.

முள் தராசானால் இரண்டு தட்டும் காலியாக இருக்கும்போது முள் நடுவில் நிற்க வேண்டும். பூக்காரர், பழக்காரர் கையில் தூக்கிப் பிடிக்கும் தராசில் பிடியும் சுண்டுவிரலும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தராசைக் கொக்கியில் தொங்கவிட்டு நிறுத்தச் சொல்வதில் தப்பே இல்லை.

மூன்றாம் படி: பெட்டி வேறு, பண்டம் வேறு

பலகாரக் கடையில் அதிரசம், மணகோலம், சீடை வாங்கும்போது அட்டைப் பெட்டியோடு தட்டில் வைத்தால், பெட்டிக்கும் பலகார விலை கொடுக்கிறீர்கள். எடை என்றால் நிகர எடைதான். வெறும் பெட்டியை முதலில் வைத்துச் சுழியமாக்கிவிட்டுப் பலகாரத்தைப் போட வேண்டும். கல்யாணத்துக்கு இருநூறு பெட்டி சொல்லும் வீடுகளில் இது சின்னக் காசு இல்லை. ஒரு பெட்டி ஐம்பது கிராம் என்றால் இருநூறு பெட்டிக்குப் பத்துக் கிலோ பலகாரம் காணாமல் போகிறது. ஆர்டர் கொடுக்கும்போதே “பெட்டி இல்லாமல் நிகர எடை” என்று பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.

மீன் வாங்கும்போது சுத்தம் செய்வதற்கு முந்தைய எடைக்கா, பிந்தைய எடைக்கா விலை என்று முதலிலேயே கேளுங்கள். பெரும்பாலும் முழு மீனுக்குத்தான். அது நியாயமான வழக்கமே. ஆனால் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டத் தட்டில் விழும் மீனுக்குத் தண்ணீரை வடித்துவிட்டு எடை போடச் சொல்லலாம். கோழிக்கு ‘உயிர் எடை’ விலை வேறு, ‘கறி’ விலை வேறு. பலகையில் எழுதியிருப்பது எது என்று பார்த்துவிட்டு அடுத்த கடையோடு ஒப்பிடுங்கள்.

நான்காம் படி: மசாலாவுக்குச் சின்னத் தராசு

செட்டிநாட்டுச் சமையலுக்குப் பட்டை, அன்னாசிப்பூ, கல்பாசி, மராத்தி மொக்கு, ஏலக்காய் எல்லாம் பத்துக் கிராம், இருபது கிராமாக வாங்குகிறோம். கடையில் இருப்பதோ அரிசி, வெல்லம் நிறுக்கும் முப்பது கிலோ தராசு. அதில் ‘இ’ ஐந்து கிராம் என்று போட்டிருந்தால், ‘மின்’ நூறு கிராமாக இருக்கும். அதாவது நூறு கிராமுக்குக் கீழே அந்தத் தராசை நம்பி எடை போடக்கூடாது என்று தயாரித்தவரே தகட்டில் எழுதிவைத்திருக்கிறார்.

ஏன் என்று பாருங்கள். அந்தத் திரை ஐந்து ஐந்து கிராமாகத்தான் தாவும். உண்மையில் 17.5 கிராம் இருந்தாலும் 20 காட்டலாம், 22.5 இருந்தாலும் 20 காட்டலாம். அனுமதிக்கப்பட்ட பிழையையும் சேர்த்தால் இன்னும் விலகும். ஏலக்காய் கிலோ மூவாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிராம் மூன்று ரூபாய். இருபது கிராமில் இரண்டரைக் கிராம் போனால் ஏழரை ரூபாய். இதில் கடைக்காரர் ஒரு குற்றமும் செய்திருக்க மாட்டார். அவருக்கே நஷ்டம் வரவும் வாய்ப்பு உண்டு.

இதற்கு மூன்று வழி. ஒரு கிராம் அல்லது அதற்கும் குறைந்த பிரிவுள்ள சின்னத் தராசு இருக்கிற கடையில் வாங்குவது முதல் வழி. மசாலாவே முக்கிய வியாபாரமாக இருக்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, ஒரு மாதத்துக்குச் சேர்த்து நூறு கிராமாக வாங்குவது. மூன்றாவது, நிகர எடை அச்சிட்ட பாக்கெட். அக்கம் பக்கத்து வீட்டோடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதும் நடக்கிறது. பிரிக்கும்போது வருகிற மனஸ்தாபத்துக்கு நான் பொறுப்பில்லை.

ஐந்தாம் படி: படி, முழம், கூறு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் பித்தளைப் படியும் மரக்காலும் வாங்கலாம். கொலுவில் வைக்கலாம், கல்யாணத்தில் நெல் நிரப்பி வைக்கலாம். வியாபாரத்துக்கு அது ஆகாது. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்பது பொதுவான வாய்ப்பாடு என்றாலும், படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது. சின்னப் படி, பெரிய படி என்று பாட்டிமார் சண்டை போட்டதெல்லாம் இதனால்தான். அளக்கும்போது குவித்து அளக்கிறாரா, தலை தட்டி அளக்கிறாரா என்பதிலேயே ஒரு கைப்பிடி வித்தியாசம் வரும். இன்றும் யாராவது கடலை, பயறு படியில் அளந்தால், “கிலோ என்ன விலை?” என்று கேட்டுத் தராசுக்குத் திருப்பிவிடுங்கள்.

பூ முழமும் சட்டத்தில் இல்லாத அளவு. யார் கை முழம் என்பதைப் பொறுத்துப் பூ நீளும், சுருங்கும். விசேஷத்துக்கு நிறைய வாங்குகிறீர்கள் என்றால் உதிரிப் பூவைக் கிலோவில் வாங்கிக் கட்டிக்கொள்வது லாபம். ஒரு முழம் மல்லிகைக்கு நான் ஒன்றும் பேசுவதில்லை. சந்தையில் கூறு வைத்த வெங்காயமும் அப்படித்தான். அது எடை வியாபாரமே அல்ல, கண்ணால் மதிப்பிட்டு வாங்குவது.

ஆறாம் படி: பாக்கெட்டும் சிப்பமும்

பாக்கெட்டில் தயாரித்தவர் அல்லது கட்டியவர் பெயர் முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதம் ஆண்டு, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். உள்ளூரில் கட்டி விற்கும் தேன்குழல், கைமுறுக்குப் பாக்கெட்டுகளுக்கும் இது பொருந்தும். ‘சுமார் 200 கிராம்’ என்று அச்சிடுவது செல்லாது. அதிகபட்ச விலைக்கு மேல், குளிர்பதனச் செலவு என்று சொல்லிக்கூட, ஒரு ரூபாய் கடை கேட்கக் கூடாது. பேருந்து நிலையத்துத் தண்ணீர் பாட்டிலுக்கும் இதே விதிதான்.

பாக்கெட்டில் கொஞ்சம் ஏற்ற இறக்கத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. 500 கிராமிலிருந்து ஒரு கிலோ வரையுள்ள பாக்கெட் தனியாக எடுத்தால் 15 கிராம் வரை கூடக் குறைய இருக்கலாம். ஆனால் மொத்தமாகச் சோதித்தால் சராசரி குறையக் கூடாது. ஆகவே ஒரு பாக்கெட்டில் பத்துக் கிராம் குறைந்ததற்குப் புகார் நிற்காது. வாங்கிய ஐந்து பாக்கெட்டிலும் பத்துப் பத்துக் கிராம் குறைந்தால், பேச வேண்டியதுதான்.

முன்பு பிஸ்கெட், டீத்தூள், எண்ணெய் போன்றவற்றை இன்னின்ன எடையில்தான் கட்ட வேண்டும் என்று பட்டியல் இருந்தது. அது இப்போது இல்லை. 85 கிராம், 135 கிராம், 910 கிராம் என்று எதுவும் வரும். விலை மாறாமல் எடை இறங்குவது இதனால் எளிதாகிவிட்டது. பதிலுக்கு ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும். இரண்டு பிராண்டை ஒப்பிட அந்தச் சின்ன எழுத்து வரி ஒன்றே போதும்.

எண்ணெயில் கவனம். ஒரு லிட்டர் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ எடையில் 910, 920 கிராம்தான் வரும். செக்குக் கடையில் ஒருவர் லிட்டர் விலையும் இன்னொருவர் கிலோ விலையும் சொன்னால், லிட்டர் விலை மலிவாகத் தெரியும். லிட்டர் விலையை 0.91ஆல் வகுத்தால் கிலோ விலை வந்துவிடும். சித்திரை வெயிலில் எண்ணெய் விரியும் என்பதால், என்னைக் கேட்டால் எடையில் வாங்குவதே சரி.

அரிசிச் சிப்பம் 26 கிலோவாக மாறியதற்கும் காரணம் உண்டு. முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று 2022 ஜூலை 18 முதல் வந்தது. ஒரு கிலோ கூட்டிக் கட்டிவிட்டார்கள். ‘சிப்பம் என்ன விலை’ என்று கேட்டு 25 கிலோ சிப்பத்தோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள். சணல் சாக்கோடு எடை போட்டால் சாக்கின் எடையையும் கழியுங்கள்.

கேஸும் பெட்ரோலும்

வீட்டு சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை அதன் கழுத்துப் பக்கம் எழுதியிருக்கும். 15.3 என்று இருந்தால் மொத்தம் 29.5 கிலோ வர வேண்டும். 150 கிராம் வரை வித்தியாசத்துக்கு இடமுண்டு. கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. மாடி ஏறி வந்த மனிதரிடம் கேட்கச் சங்கடமாக இருந்தால், வாசலில் இறக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பெட்ரோல் பங்கில் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவை இருக்கும். சந்தேகம் வந்தால் அதில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் இருக்கலாம். மற்றபடி, சுழியத்தைப் பார்ப்பதும், பாதியில் நிறுத்தி மீண்டும் தொடங்கினால் எந்த எண்ணிலிருந்து தொடங்குகிறது என்று பார்ப்பதும்தான் வேலை.

தங்கம், டைல்ஸ், துணி

சவரன் என்பது பேச்சுக்கு; பில்லில் கிராம் இருக்க வேண்டும். நகைத் தராசு கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பது காற்று படாமல் இருக்கத்தான், கதவை மூடிவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கல் வைத்த நகையில் கல் எடை தனி, தங்கத்தின் நிகர எடை தனி என்று எழுத வேண்டும். சேதாரமும் செய்கூலியும் எந்த எடைக்குப் போடுகிறார்கள் என்பதில்தான் பணம் ஒளிந்திருக்கிறது; கல்லையும் சேர்த்த எடைக்குப் போட்டிருந்தால் கேளுங்கள். ஹால்மார்க்கில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) சின்னம், 22 காரட் 916 என்ற தூய்மை, ஆறு எழுத்து எண் கொண்ட அடையாளக் குறியீடு என மூன்றும் இருக்கும். அந்தக் குறியீட்டைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் விவரம் வரும். பழைய கழுத்துருவை (செட்டிநாட்டுத் திருமணத் தங்க மாலை) மாற்றும் வீடுகள், உருக்குவதற்கு முன் உள்ள எடையையும் உருக்கிய பின் உள்ள எடையையும் கண்ணால் பார்த்து எழுதி வாங்குங்கள்.

ஆத்தங்குடி டைல்ஸ் சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. கல்லின் அளவைக் கேட்டு எண்ணிக்கையில் முடியுங்கள். நூறு சதுர அடிக்குப் பத்தங்குலக் கல் 144, எட்டங்குலக் கல் 225, பன்னிரண்டு அங்குலக் கல் 100. உடைசலுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவைப்பது வேறு கணக்கு. துணிக்கடையில் மீட்டர் கோலின் இரு முனையிலும் முத்திரை பாருங்கள், துணியை இழுத்துப் பிடித்து அளக்க விடாதீர்கள்.

நீங்கள் விற்கும்போது

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரிய வீட்டைக் காலி செய்யும்போது பித்தளை அண்டா, தாமிரக் கிடாரம், வெண்கலப் பானை என்று மூட்டை மூட்டையாக வெளியே போகும். வாசலில் வந்து நிற்பவர் கையில் கொக்கி வைத்த வில் தராசு இருக்கும். அதில் முத்திரையும் இருக்காது, சுழியமும் வராது. மேலே இருந்த பாடமெல்லாம் இங்கே தலைகீழ்: எடை குறைவாகக் காட்டினால் அவருக்கு லாபம். குறைத்துக் காட்டி அதிகம் எடுத்துக்கொள்வதும் அதே சட்டத்தின் கீழ் குற்றம் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான்.

சீர்ச் சாமான்களை எடை போட்டுச் சிட்டையில் எழுதிவைத்த வீடுகளில் அந்தச் சிட்டையைத் தேடி எடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் உடல் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் அண்டாவோடு ஏறி நின்று, பிறகு அண்டா இல்லாமல் ஏறி, கழித்து எழுதிக்கொள்ளுங்கள். துல்லியம் போதாது, ஆனால் இருபது கிலோ அண்டாவை பதினாறு என்று சொன்னால் தெரிந்துவிடும். பிறகு முத்திரையுள்ள மேடைத் தராசு இருக்கும் கடைக்குக் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். அரக்கு, கழிவு என்று கிலோவில் கழித்தால் எதற்கு எவ்வளவு என்று கேளுங்கள். இன்னொன்று: விலாசம் (குடும்பத்தின் பெயரெழுத்து) வெட்டிய பழைய பாத்திரத்தைக் கிலோ விலைக்குத் தருவதற்கு முன் பழம்பொருள் கடையில் ஒரு விலை கேட்டுவிடுங்கள். அங்கே எடைக்கு விலை இல்லை.

வீட்டில் ஒரு சோதனை

தராசு சரியா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம். பதிமூன்று நாணயம் சேர்த்தால் நூறு கிராமுக்கு மிக அருகில் வரும். கடைத் தட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். ஐந்து கிராம் பிரிவுள்ள தராசு 100 காட்ட வேண்டும். இன்னும் பெரிய எடைக்கு, திறக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்: ஒரு கிலோவும் பாட்டிலின் எடையும் காட்டும். வீட்டுச் சமையலறைத் தராசுக்கு முத்திரை கிடையாது. அதன் எண் உங்கள் சந்தேகத்துக்கு உதவும், சாட்சியாக நிற்காது.

குறைந்தால் என்ன செய்வது

முதலில் அதே கடையில், அதே நேரத்தில், மறுபடி எடை போடச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் பில் வாங்குங்கள். தராசின் திரை, முத்திரை, கடைப் பலகை மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புகாரைத் தொழிலாளர் துறையின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுதலாம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்க்காரர்களுக்குச் சிவகங்கை மாவட்டம். ராயவரம், கோனாபட்டு, ராங்கியம் என்றால் புதுக்கோட்டை மாவட்டம். செட்டிநாடு ஒன்றாக இருந்தாலும் அலுவலகம் இரண்டு, மாற்றி அனுப்பினால் கடிதம் சுற்றும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரேஷன் கடை எடை என்றால் 1967.

பணத்தைத் திரும்பப் பெறவும் இழப்பீடு கேட்கவும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். ஆனால் கால் கிலோ மீனுக்கு ஆணையத்துக்குப் போவதைவிட, எந்தக் கடை, எந்தத் தராசு, எந்த நேரம் என்று தெளிவாக எழுதித் தொழிலாளர் துறைக்கு அனுப்புவது பயன் தரும். அவர்கள் தங்கள் எடைக்கற்களோடு வந்து அந்தத் தராசையே சோதிப்பார்கள்.